நிற்க விடாத இரண்டு வரிகள்

வேலை நின்றுபோனால் நின்றுபோகட்டும் என்று சொல்ல எனக்கு அன்று ஏன் அவ்வளவு பயமாக இருந்தது? என்னையே ஹட்டனுக்கு வரும் பஸ்ஸில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். மகனுக்குச் சோறு ஊட்டும்போது கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு சமாதானம்தான் வருகிறது.

இந்த மாதத்தோடு நான் அலுவலகத்தை விட்டுப் போகிறேன். ஓய்வு பெறும் வயதில்லை, முப்பதுகூட ஆகவில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஒரு கையேடு எழுதிக் கொடுக்கும்படி நம் அலுவலகத்தை நடத்தும் சேர் சொன்னார். கொடுத்துவிட்டேன். எந்தப் பக்கத்தில் எந்தப் பொத்தான், எந்த ஏஐ நிறுவனத்தின் சாவியை எங்கே பதிவது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இது அதில் இல்லாதது. இதை எழுத வேண்டுமா என்றும் பலமுறை யோசித்தேன். ஒரு பெண்ணைப் பற்றிய விவரங்கள் இதில் வருகின்றன. அவற்றை எல்லாம் மாற்றியிருக்கிறேன். போதிய அளவு மாற்றினேனா என்று கேட்டால், தெரியவில்லை.

நம் மென்பொருள் ஒரு தோட்டத்து லயம் மாதிரி என்று முதல் நாளே உங்களுக்குச் சொன்னேன், நினைவிருக்கும். ஒரே கூரை, வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். டியூஷன் வகுப்பு, டிஸ்பென்சரி, நல்லதண்ணி ஊரில் யாத்திரைக்காரர்கள் தங்கும் விடுதி என்று பல இடங்கள் நம் ஒரே மென்பொருளுக்குள் தனித்தனியாகக் குடியிருக்கின்றன. ஒவ்வொருவரும் தமிழில் எழுதுவதை ஏஐ சிங்களத்தில் கடிதமாக்கித் தரும். அந்த ஏஐயுடன் பேச ஒரு சாவி, கடவுச்சொல் மாதிரி ஒரு நீண்ட குறியீடு, வேண்டும். சிலர் தாங்களே ஒரு நிறுவனத்தைத் தெரிவுசெய்து சொந்தச் சாவி வைத்திருக்கிறார்கள். அது இல்லாதவர்களுக்கு நம்முடைய பொதுச் சாவி. பொதுச் சாவி வழியாகப் போகும் ஒவ்வொரு சொல்லும் நம் பதிவேட்டில் சேரும். மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க அதில் சிலவற்றை நாம் எடுத்து வாசிப்போம். பொதுச் சாவி எடுப்பவர்களிடம் இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறோம். அதில் ஒளிவு மறைவு இல்லை.

தவறு தொடங்கியது ஒரு சனிக்கிழமை. மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. காய்ச்சல். அவனை மடியில் போட்டுக்கொண்டு மருந்து எடுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டியூஷன் வகுப்பு நடத்தும் ஒருவர் போன் எடுத்தார்.

"என்ன மிஸ், ஒங்க சாமான் செத்துப்போச்சு!"

"என்னாச்சுங்க சேர்?"

"சிவப்பா ஒரு புள்ளி. அதுக்குக் கீழ இங்கிலீசுல ஒரு வசனம். இங்க நாப்பது புள்ளைங்க பெஞ்சுல ஒக்காந்து என் மூஞ்சியப் பாக்குதுங்க. அடுத்த கெழம சோதன. நான் என்ன, பாட்டுப் பாடவா?"

அவருடைய சொந்தச் சாவிக்கு அந்த மாதத்துக்கு உரிய அளவு முடிந்துவிட்டிருந்தது. பிழை என்னுடையது அல்ல. ஆனால் அவர் பேசப் பேச மகன் அழுதான், வரிசையில் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா "புள்ளையப் பாரும்மா மொதல்ல" என்றார். நல்ல தாயாகவும் இல்லை, நல்ல வேலைக்காரியாகவும் இல்லை என்று தோன்றியது. அன்று மனதுக்குள் ஒரு சபதம் மாதிரி செய்துகொண்டேன்: இனி எவருக்கும் எதுவும் நிற்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை வந்ததும் இரண்டு வரி சேர்த்தேன். சொந்தச் சாவி வேலை செய்யாவிட்டால் பொதுச் சாவியை எடுத்துக்கொள். அவ்வளவுதான். சிவப்புப் புள்ளி வராது, பச்சையாகவே இருக்கும்.

எனக்கு அது ஒரு மாற்றமாகவே தெரியவில்லை. நான் பிறந்த லயத்தில் மலையூற்றிலிருந்து பீலியில் விழும் தண்ணீர் நின்றுபோனால் குடத்தை எடுத்துக்கொண்டு கீழ் லயத்துப் பீலிக்குப் போவோம். "வரலாமா" என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் கீழ் லயத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். "நாங்க என்ன வெளியாளா?" என்பார்கள். அப்படித்தான் வளர்ந்தேன்.

என் பக்கத்து மேசை ரிஸ்வான் நானா அந்த வரிகளைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"தங்கச்சி, அவங்க சாவி வேல செய்யலன்னா நம்மட சாவியில போகுது. சரி. அவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"தண்ணி இல்லாட்டி கீழ் லயத்துப் பீலிக்குக் கேட்டுட்டா போறாங்க நானா?"

"எனக்கு என்ன தெரியும்? நான் டவுன்ல பொறந்தவன். பைப்புல தண்ணி வரலன்னா பக்கத்துக் கடைக்காரனோட சண்ட புடிக்கத்தான் தெரியும்."

சிரித்தோம். அவர் கேட்ட கேள்வி அந்தச் சிரிப்போடு போய்விட்டது. இப்போது நினைத்தால், அந்த ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் இருந்தது. வேடிக்கையாகப் பதில் சொல்ல முடிந்த கேள்விகளை இரண்டாம் முறை கேட்டுப் பாருங்கள். நான் கேட்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் யாரும் அழைத்துத் திட்டவில்லை. சேர் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். வீட்டில் போய்ச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் சரோஜா டீச்சர் வந்தார். தோட்டத்துப் பெண்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறிய நிலையத்தை நடத்துகிறவர். எந்த ஊர் என்பது வேண்டாம். அடி வாங்கும் பெண்கள், போக இடம் தெரியாத பெண்கள் வந்து சொல்வதை டீச்சர் தமிழில் எழுதிக்கொள்வார். அதை அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்றால் சிங்களத்தில் எழுதினால்தான் காரியம் சீக்கிரம் நடக்கும். பல வருடங்களாக அதைக் கையாலேயே எழுதி வந்தார். கண் பார்வை குறைந்துவிட்டதால் நம் மென்பொருளைக் கேட்டு வந்தார்.

அமைத்துக் கொடுக்க நான்தான் போனேன். டீச்சர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல எழுதுறத யாரு வாசிப்பாங்க?"

"யாரும் வாசிக்க மாட்டாங்க டீச்சர்."

"மெசினு?"

"மெசினு வாசிக்கும். ஆனா வச்சுக்காது. அப்பிடி வச்சுக்காத கொம்பனியாப் பாத்து ஒங்க பேருலயே சாவி எடுத்துருக்கேன். நாங்ககூடப் பாக்க முடியாது."

"சத்தியமா?"

"சத்தியமா டீச்சர்."

நான் பொய் சொல்லவில்லை. அன்று அது உண்மை. அந்த இரண்டு வரிகள் என் நினைவிலேயே இல்லை. நன்றாக வேலை செய்கிற ஒன்றை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

புறப்படும்போது இன்னொன்றும் சொன்னேன். பாதுகாப்புக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாவியை மாற்றிவிடுங்கள், பழையதை அழித்துவிடுங்கள், புதியதை நம் பக்கத்தில் பதிந்துவிடுங்கள். டீச்சர் அதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் மாதம் அவர் சொன்னபடியே செய்தார். ஏஐ நிறுவனத்தின் பக்கத்தில் பழைய சாவியை அழித்தார். புதியதை எடுத்தார். அதை நம் பக்கத்தில் பதிய மறந்துவிட்டார். மறக்கிற விஷயம்தான், அன்று நிலையத்தில் அவசரமாக ஒரு தாயும் பிள்ளைகளும் வந்திருந்தார்களாம். வேறு எந்த மென்பொருளாக இருந்தாலும் அடுத்த நிமிடமே சிவப்புப் புள்ளி வந்து நினைவுபடுத்தியிருக்கும். என்னுடையது பச்சையாகவே இருந்தது. அழிந்துபோன சாவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, எவரிடமும் சொல்லாமல், பொதுச் சாவியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. நான் சொல்லிக்கொடுத்ததை அது ஒழுங்காகச் செய்தது.

பத்தொன்பது நாட்கள்.

இருபதாம் நாள் காலை டீச்சர் போன் எடுத்தார். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"மகள், ஒரு புள்ள எங்கிட்ட வந்து சொன்ன விசயம் அவ தோட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்சுருக்கு. இந்த ரூமுல நானும் அவளும் மட்டுந்தான் இருந்தோம். மூணாவது ஒங்க மெசினு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

"அப்பிடி இருக்காது டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே பதிவேட்டைத் திறந்தேன். நிலையத்தின் பெயரைத் தேடினேன். ஒரு வரியும் வரக் கூடாது. பக்கம் பக்கமாக வந்தது.

என்ன போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வாசிக்க வேண்டியிருந்தது. அதனால் நானும் வாசித்தேன். யாரும் வாசிக்க மாட்டார்கள் என்று சத்தியம் செய்தவள் நான்.

அந்தப் பெண்ணின் கணவர் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுகிறார். மூத்த மகளுக்கு ஒரு காது கேட்காது. குறிப்பிட்ட ஒரு நாளில், கணவர் வேலைக்குப் போன பிறகு, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உடப்புசல்லாவையில் இருக்கும் அக்காவிடம் போய்விடத் தீர்மானம். அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு பையில் கட்டிப் பக்கத்துக் காம்பராத் தோழியிடம் கொடுத்தாகிவிட்டது. மகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் மாற்றித் தரும்படி அதிகாரிக்குக் கடிதம். பெயர் இல்லை. டீச்சர் பெயர்களைத் தட்டச்சு செய்வதில்லை. ஆனால் காது கேட்காத மகளும் லொறி ஓட்டும் கணவரும் ஒரு தோட்டத்தில் எத்தனை வீட்டில் இருப்பார்கள்?

நமக்கு மொழிபெயர்ப்புச் சரிபார்த்துத் தந்தவர் விஜி அக்கா. வீட்டிலிருந்தே செய்வார், கவனமானவர். மாதிரிக்கு எடுத்த கடிதங்களில் இதுவும் அவருக்குப் போயிருந்தது. அவர் வாழ்க்கைப்பட்டு வந்ததும் அந்தப் பெண் இருக்கும் தோட்டத்துக்குத்தான். நான் அழைத்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் பேரு சொல்லல தங்கச்சி. நாத்தனாருகிட்ட மட்டுந்தான் சொன்னேன். அதுவும் பாவமேன்னுதான். அந்தப் புள்ள போறப்ப யாராச்சும் கூட நின்னு ஒதவி செய்யட்டுமேன்னுதான் சொன்னேன்." பிறகு அழுதார். "நான் என்ன, கெட்டதா நெனச்சா சொன்னேன்?"

இல்லை. இந்தக் கதையில் கெட்டதாக நினைத்தவர் யாரும் இல்லை. நாத்தனார் தன் தங்கையிடம் சொன்னார். அந்தத் தங்கை மலையில் கொழுந்து எடுக்கும்போது சொன்னார். அந்த நாள் வருவதற்கு முன்பே கணவர் பக்கத்துக் காம்பராவுக்குப் போய்ப் பையை வாங்கிக்கொண்டார். சான்றிதழ்கள் இப்போது அவருடைய அம்மாவின் பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றன. அந்தப் பெண் போகவில்லை. நிலையத்துக்கும் அதற்குப் பிறகு வரவில்லை.

டீச்சருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். "சில கோரிக்கைகள் மாற்று வழியில் செயலாக்கப்பட்டமை கண்டறியப்பட்டுள்ளது" என்று எழுதினேன். ரிஸ்வான் நானா எட்டிப் பார்த்தார்.

"இது யாருக்கு வெளங்கும்?"

"வெளங்காம இருக்கணும்னுதான் எழுதுறேனோ என்னவோ நானா."

"அப்ப எழுதாதீங்க. வாங்க, போயிச் சொல்லிட்டு வருவோம்."

பஸ் ஏறிப் போனோம். மழையில் சப்பாத்து நனைந்து, டீச்சரின் அறையில் நாங்கள் நின்ற இடமெல்லாம் ஈரம். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். இரண்டு வரி சேர்த்ததையும், ஏன் சேர்த்தேன் என்பதையும், மகனுக்குக் காய்ச்சல் இருந்ததையும்கூடச் சொன்னேன். எதற்காக அதைச் சொன்னேன் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அது நின்னுருந்தா என்ன ஆயிருக்கும் மகள்?" என்று கேட்டார்.

"சிவப்புப் புள்ளி வந்துருக்கும். கடிதம் எழுத முடியாமப் போயிருக்கும்."

"கையால எழுதியிருப்பேன்." மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். தாள்கள், கார்பன் தாள்கள், இரண்டு பேனா. "எத்தன வருசம் கையால எழுதினேன்? இன்னும் ஒண்ணு எழுதியிருப்பேன். கண்ணு கொஞ்சம் வலிச்சிருக்கும்."

பிறகு சொன்னார்: "எங்க காலத்துல லயத்துக்கு வர்ற கடிதம் எல்லாம் தோட்டத்து ஒப்பீசுக்குத்தான் வரும். நமக்குன்னு ஒரு விலாசம் இல்ல. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துல எல்லாருக்கும் முன்னாடி பேரு சொல்லிக் குடுப்பாங்க. பிரிச்சும் இருக்கும். எனக்கு வந்த ஒரு கடிதத்தப் பத்தி நான் வாசிக்கிறதுக்கு முன்னாடியே எங்க அம்மாகிட்ட நாலு பேரு விசாரிச்சாங்க. அதனாலதான் அன்னைக்கு ஒங்ககிட்ட அந்தக் கேள்வியக் கேட்டேன்."

எனக்கும் தெரிந்த கதைதான் அது. எங்கள் வீட்டிலும் அப்படி வந்த கடிதங்கள் உண்டு. தண்ணீரைப் பற்றி நினைத்தேன், கடிதத்தைப் பற்றி நினைக்கவில்லை. பக்கத்துப் பீலியில் தண்ணீர் பிடிப்பதும், நம் கடிதம் பக்கத்து வீட்டு வழியாக வருவதும் ஒன்றல்ல என்று ஒரு லயத்துப் பிள்ளைக்கே தெரியாமல் போனது எப்படி?

அந்த இரண்டு வரிகளை மறுநாளே எடுத்துவிட்டேன். இப்போது சொந்தச் சாவி உள்ள இடத்தில் அது வேலை செய்யாவிட்டால் எல்லாம் நிற்கும். சிவப்பாக நிற்கும். உங்களுக்குப் போன் வரும், திட்டுவார்கள். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொள்வதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். பொதுச் சாவிக்கு மாற்ற வேண்டும் என்றால் அவர்களைக் கேளுங்கள், அவர்கள் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள். ஒருவர் எந்த ஏஐ நிறுவனத்தைத் தெரிவுசெய்தார் என்பது வெறும் விருப்பம் என்று நினைத்துவிடாதீர்கள். யாரை நம்புகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதைக் கையேட்டிலேயே ஒரு பத்தியாக எழுதியிருப்பேன்.

இந்த வருடம் மகனை டவுனில் முன்பள்ளியில் சேர்த்தேன். இரண்டாம் தவணையில் புதிதாக ஒரு பிள்ளை வந்தான். கூட்டி வரும் அம்மா சில நாள் மூத்த மகளையும் அழைத்து வருவார். அந்தச் சிறுமியைக் கூப்பிடும்போது அவர் எப்போதும் அவளுடைய இடது பக்கமாகப் போய் நின்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் பிள்ளையை ஏற்றிப்போக ஒரு கொழுந்து லொறி வந்து நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் விலகி நின்றிருக்கலாம். ஆனால் பிள்ளைகள் இருவரும் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள். வாசலில் தினமும் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் ஒரு நாள் தூறலில் என் குடைக்குள் வந்து நின்றவர், தெருவின் அந்தப் பக்கம் போன ஒரு பெண்ணைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தெரிஞ்சவங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"பக்கத்துக் காம்பராதான் அக்கா. எனக்குக் கூடப் பொறந்தவ மாதிரி இருந்தா. ஒரு விசயம் நம்பிச் சொன்னேன். ஊருக்கே சொல்லிட்டா."

"அவங்கதான் சொன்னாங்கன்னு எப்பிடித் தெரியும்?"

"இங்க ரெண்டு பேருகிட்டதான் சொன்னேன். ஒருத்தவங்க டீச்சரு. அவங்க உசுரு போனாலும் சொல்ல மாட்டாங்க. அப்ப இவதானே? இல்லன்னு சாமி மேல சத்தியம் பண்றா. பண்ணட்டும். அவ மூஞ்சியப் பாத்தே ஒரு வருசமாகுது." பிறகு தன்னைத் தேற்றிக்கொள்வது போலச் சிரித்தார். "விடுங்கக்கா. ஒங்ககிட்ட போயி இதெல்லாம் சொல்லிக்கிட்டு."

"அப்படியா" என்றேன். பிள்ளைகள் வெளியே ஓடி வந்தார்கள். குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை நடந்தேன்.

தெருவின் அந்தப் பக்கம் போன பெண் செய்யாத குற்றத்துக்காக ஒரு வருடமாகத் தலை குனிந்து போகிறார். இந்தப் பக்கம் நிற்பவருக்கு இருந்த ஒரே துணை போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒரு வசனம் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால், தன் வாழ்க்கையை முகம் தெரியாத ஒருவர் வாசித்தார், குடை பிடித்த நானும் வாசித்தேன் என்பது அவருக்குத் தெரியும். பிறகு அவர் எவரிடமும், டீச்சரிடமும்கூட, வாய் திறக்காமல் போனால்?

சேரிடம் கேட்டேன். "நிலையத்துக்கு உண்மையச் சொல்லிட்டோம். அதுக்கு மேல போறது நம்ம வேல இல்ல" என்றார். டீச்சர், "அவளா வர்றதுக்கு முன்னாடி நாம போனா, அவ புருசனுக்குத்தான் மறுபடி தெரியும்" என்றார். பிறகு, "இப்பிடியே நானும் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன் மகள்" என்றார். ரிஸ்வான் நானா, "பக்கத்துக் காம்பராக்காரிய யாரும் நெனைக்கிறீங்க இல்லையே" என்றார். என் கணவர்தான் கடினமானதைக் கேட்டார்: "ஒன் மனசு லேசாகணும்னு சொல்லப் போறியா, அவங்களுக்கு நல்லதுன்னு சொல்லப் போறியா?" இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

டிசம்பரோடு பிள்ளைகள் முன்பள்ளியை முடிக்கிறார்கள். அதன் பிறகு அவரைச் சந்திக்க எனக்கு ஒரு காரணமும் இருக்காது. தள்ளிப்போட்டே காலம் கடந்துவிட்டது என்று நானும் சொல்லிக்கொள்ளலாம். என் பயம் அதுதான்.

இவ்வளவு நேரம் உங்களுக்கு அறிவுரை சொன்னவள் இப்போது உங்களிடம் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் சொல்வீர்களா? சொல்வதென்றால் எந்த இடத்தில், எந்தச் சொல்லில் தொடங்குவீர்கள்? இந்த மாதம் முடியும்வரை என் மேசை ஜன்னலோரத்தில்தான் இருக்கும். பதிலை அலுவலகக் குழுவில் போடாதீர்கள், மின்னஞ்சலும் வேண்டாம். ஒரு தாளில் எழுதி, மடித்து, என் கையிலேயே கொடுங்கள்.